வானத்தைத் தேய்த்த நாட்கள்

ஜூன் 9

கேன்வாஸ் மாடிப்படி திரும்புகிற இடத்தில் சிக்கிக்கொண்டது. ஐந்தடிக்கு நாலடி. கீழே நின்று உலகு மைனி தாங்க, மேலே நின்று நான் இழுத்தேன். மைனியின் இடுப்பிலிருந்த முகை சிரித்துக்கொண்டே சட்டத்தைத் தட்டினாள். பதிமூன்று மாதக் குழந்தைக்கு எதைத் தட்டினாலும் மேளம்தான்.

"இம்புட்டுப் பெருசு எதுக்கு ஏட்டி? நெல்லு காயப் போடவா?" என்றாள் மைனி.

மைனி என் வீட்டுக்காரரின் அக்கா. புருஷன் வேண்டாம் என்று வந்து எட்டு வருஷம் ஆகிறது. முகை பிறந்ததிலிருந்து எங்களோடுதான் இருக்கிறாள். எனக்குப் பிள்ளையைக் குளிப்பாட்டத் தெரியாது என்று மேலகரம் தெரு முழுக்கச் சொல்லிவைத்திருக்கிறாள். அது பொய்யும் இல்லை.

உள்ளறையில் ஜன்னலோரம் சாய்த்து வைத்தோம். வடக்குப் பார்த்த ஜன்னல். நாள் முழுக்க ஒரே மாதிரி வெளிச்சம் வரும். முகையின் தொட்டிலும் அங்கேதான் தொங்குகிறது. இருப்பதே இரண்டு அறை.

பழைய குற்றாலம் போகிற வழியில் ராஜதுரை அண்ணாச்சி கட்டியிருக்கிற விடுதிக்காக இந்தப் படம். ஆவணியில் திறப்பு. வரவேற்புக் கூடத்தில் முதல் சுவரில் மாட்டுவார்கள். அவர் கேட்டது இது: "ஃபாரின் ஸ்டைல்ல வேணும்மா. ஆனா நம்ம வயக்காடா இருக்கணும். பக்கத்துல போனா ஒண்ணும் புரியப்புடாது, தள்ளி நின்னா எல்லாம் தெரியணும்." நான்கு வருஷம் கவின்கலை படித்தும் இம்ப்ரஷனிசத்தை இவ்வளவு சுருக்கமாக என்னால் சொல்ல முடிந்ததில்லை.

கல்யாணமாகி மூன்று வருஷமாகப் பிரஷ்ஷைத் தொடவில்லை. இந்தப் படத்தின் ஓரத்தில் என் பெயர் இருக்கும்.

ஜூன் 12

அண்ணாச்சி விடுதியின் இரண்டாம் மாடியிலிருந்து போன வாரம் எடுத்த குறிப்புகளை வைத்துக்கொண்டு ஆரம்பித்துவிட்டேன். நடவு முடியாத வயல். தண்ணீர் நிற்கிறது. குனிந்த பெண்கள் ஆறேழு பேர், ஆளுக்கு இரண்டு தீற்றல். பின்னால் மலை, மலையை முக்கால்வாசி மூடிய மேகம். மேகத்துக்கு நடுவே வெயில் இறங்குகிறது. படத்தில் பாதிக்கு மேல் வானமும் வானத்தைக் காட்டும் தண்ணீரும்தான்.

அதாவது பாதிக்கு மேல் வெள்ளை.

கும்பகோணத்தில் படித்தபோது ஒரு ஓவியப் பொருள் கடையை மூடினார்கள். அப்போது வாங்கிய பழைய டியூப் ஆறு. ஃபிளேக் ஒயிட். இப்போது வருகிற வெள்ளை டியூப்லைட் மாதிரி நீலம் அடிக்கும். இது அப்படியில்லை. எருமைத் தயிரின் ஆடை போல, கத்தியால் இழுத்தால் இழுத்த இடத்திலேயே நிற்கும். சீக்கிரம் காயும். இதைத் தொட்டால் கை கழுவாமல் சாப்பிட வராதே என்று கல்லூரியில் விரட்டுவார்கள்.

இட்லிக்கு ஊறப்போட மறந்துவிட்டேன். மைனி போட்டிருந்தாள்.

ஜூன் 17

சாரல். துணி எதுவும் காயவில்லை.

ஜூன் 21

முகை சுவரைப் பிடிக்காமல் நான்கு எட்டு நடந்தாள். சொல்கிற வார்த்தைகள்: ம்மா, காக்கா, த்தை. கடைசியில் உள்ளது அத்தை. மைனிக்குத் தலைகால் புரியவில்லை.

வீட்டுக்காரர் இன்று வீட்டில் இருந்தார். கண்டக்டர் வேலை, ஒருநாள் விட்டு ஒருநாள்தான் முகம் பார்க்கலாம். கேன்வாஸுக்கு முன்னால் போய் மூக்கு ஒட்டுகிற மாதிரி நின்றார்.

"இது எந்த ஸ்டாப்பு ஆவுடை? டிக்கெட் எவ்வளவு கிழிக்கணும்?"

"தள்ளி நின்னு பாருங்க."

"தள்ளி நின்னா செவரு இடிக்கில்லா."

அறையைவிட்டு வெளியே போய்க் கூடத்து வாசலில் நின்று பார்க்கச் சொன்னேன். நின்றார். தலையைச் சாய்த்துப் பார்த்தார். பிறகு, "ஏட்டி, இது சுந்தரபாண்டியபுரம் போற வழி மாதிரியே இருக்கு," என்றார். மைனி தன் பங்குக்கு, "நான் கண்ணாடியக் கழட்டிட்டுப் பாத்தேம்லே. இன்னும் ஜோரா இருக்கு," என்றாள்.

நிழலுக்குக் கறுப்பு போடவில்லை. ஊதாவும் பச்சையும்தான். யாரும் அதைக் கேட்கவில்லை. கேட்காமலே நிழலாகத் தெரிந்ததுதான் சந்தோஷம்.

ஜூன் 29

தண்ணீரில் வெயில் விழுகிற இடம் மட்டும் வரவில்லை. வெள்ளையைக் கனமாக அப்பி, பிடிக்காமல் சுரண்டி, மறுபடி அப்பினேன். மூன்று டியூப் காலி. சுரண்டிய பொருக்கெல்லாம் தரையில் கிடக்கிறது. மைனி தினம் இரண்டு தடவை பெருக்கி அள்ளுகிறாள். "மாவு மில்லு மாதிரி ஆக்கி வச்சிருக்கா" என்று புலம்பல்.

முகை என் காலைப் பிடித்துக்கொண்டே நிற்கிறாள். கீழே விட்டால் அழுகை, தூக்கினால் வேலை ஓடாது.

ஜூலை 5

முகை சாப்பிடமாட்டேன் என்கிறாள். நான்கு நாளாக வயிறும் போகவில்லை. இன்று இரண்டு தடவை வாந்தி. வயிற்றைத் தொட்டால் வில்லாக வளைகிறாள்.

மைனி உரை மருந்து கொடுத்தாள். வசம்பு, சாதிக்காய், மாசிக்காய், கடுக்காய். கல்லில் தாய்ப்பால் விட்டு ஒவ்வொன்றையும் இரண்டு சுற்று உரைத்து, ஒரு சங்கு. முகை பிறந்த நாளிலிருந்து வாரம் ஒருமுறை கொடுக்கிறாள். கொடுத்ததும் தூங்கினாள். பல் முளைக்கிற வயிறு, சரியாகிவிடும் என்கிறாள் மைனி.

ஜூலை 11

சரியாகவில்லை. மெலிந்துவிட்டாள். உதடு வெளுத்திருக்கிறது. நடப்பதை நிறுத்திவிட்டாள். இரண்டு நாளாக ஒன்றைக் கவனிக்கிறேன், எழுதவே கை வரவில்லை. ஜன்னலில் காக்கா வந்து உட்கார்ந்தது. முகை பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை.

டாக்டர் லிஸ்ஸியிடம் கொண்டுபோனோம். தென்காசியில் அவர்தான் குழந்தைகளுக்கு நல்ல டாக்டர் என்கிறார்கள். கோட்டயத்துக்காரர், இருபது வருஷமாக இங்கேதான் இருக்கிறார். ரத்தம் குறைவு என்று இரும்புச் சத்து டானிக் கொடுத்தார். ஆனால் முகத்தில் ஒரு யோசனை. ரத்தம் எடுத்தார். காலுக்கு எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார். வயிற்றுவலிக்கு எதற்குக் கால் எக்ஸ்ரே என்று என் வீட்டுக்காரர் கேட்டார். "சும்மா பாத்துக்கலாம்," என்றார் டாக்டர்.

ஜூலை 16

எக்ஸ்ரேயை விளக்குப் பெட்டியில் மாட்டினார். சின்னஞ்சிறு முழங்கால். எலும்பு முடிகிற இடத்தில், மேலும் கீழும், பட்டையாக இரண்டு வெள்ளைக் கோடு.

"இவ்வளவு வெள்ளை இருக்கக் கூடாது, மோளே," என்றார் என்னைப் பார்த்து. "ரத்தத்திலும் புள்ளி புள்ளியா இருக்கு. குழந்தை உடம்புல ஈயம் சேர்ந்திருக்குன்னு நினைக்கிறேன். எவ்வளவுன்னு தெரிய சென்னைக்கு அனுப்பணும்."

பிறகு கேள்விகள். பழைய வீடா, சுவரில் பெயிண்ட் உரிகிறதா. பக்கத்தில் பேட்டரி வேலை நடக்கிறதா. கண்மை, பொம்மை, பாத்திரம். நாட்டு மருந்து ஏதாவது?

"உரை மருந்து குடுப்பாங்க," என்றேன்.

அந்த ஒரு வாக்கியத்தை நான் எவ்வளவு வேகமாகச் சொன்னேன் என்று இப்போது யோசிக்கிறேன்.

டாக்டர் எழுதிக்கொண்டார். எல்லா மருந்தும் அப்படியில்லை, சிலதில் கலப்படம் இருக்கும், எதற்கும் நிறுத்துங்கள் என்றார்.

பஸ்ஸில் திரும்பும்போது அவர் கேட்டார், "ஓம் பெயிண்டுல ஒண்ணும் இல்லைலா?"

"இப்பம் வாற பெயிண்ட்ல ஈயம் கிடையாதுங்க," என்றேன். அது உண்மை. இப்போது வருகிறவற்றில் கிடையாது.

ஜூலை 21

சென்னையிலிருந்து முடிவு வந்தது. ரத்தத்தில் ஈயம் முப்பத்தொன்பது. ஐந்துக்குள் இருக்க வேண்டியது.

அவர் டூட்டி உடையைக்கூடக் கழற்றவில்லை. அடுக்களைக்குள் போய் உரைகல்லை எடுத்து நடுக்கூடத்தில் வைத்தார்.

"இத எங்க வாங்குன?"

"அம்மாவோட கல்லுலே அது. நீ குடிச்சு வளந்தது."

"மருந்து எங்க வாங்குனன்னு கேக்கேன்."

"சங்கரங்கோயில் வாசல்ல. எப்பமும் அங்கதான் வாங்குவேன். ஏம்லே, என்னமும் கெட்டதா போச்சா?"

"பிள்ளைக்கு வெசம் குடுத்திருக்க. எம் பிள்ளைக்கு."

மைனி என்னைப் பார்த்தாள். நான் ஏதாவது சொல்வேன் என்று பார்த்தாள். நான் முகையின் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தேன். அது ஏற்கெனவே போட்டிருந்தது.

சாயங்காலம் சுரண்டை பஸ்ஸில் போய்விட்டாள். அங்கே அவளுடைய சித்தி மகள் இருக்கிறாள். பஸ் ஏற்றிவிடப் போனது நான்தான். ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டு, "பொட்டுக்கடலைய மாவாக்கி வச்சிருக்கேன், சிவப்பு மூடி டப்பா. பசிச்சு அழுதா கஞ்சியில கலந்து குடு," என்றாள். விஷம் கொடுத்தவள் சொல்கிற பேச்சா அது.

பஸ் கிளம்பும்வரை கையாட்டிக்கொண்டிருந்தேன்.

ஜூலை 22

மீதி டியூப்பைப் பெட்டியில் போட்டுப் பரணில் வைத்தேன். இனி அதைத் தொடமாட்டேன். காரணம் போய்விட்டது என்றால் குணமாகிவிட வேண்டியதுதானே. யாருக்கும் சொல்ல வேண்டிய அவசியம் இல்லாமலே குணமாகிவிடும்.

மூன்று வாரம் கழித்து மறுபடி ரத்தம் எடுப்பார்கள்.

ஜூலை 24

வீடு சுத்தம் செய்தேன். முகை மதியம் நன்றாகத் தூங்கினாள்.

ஜூலை 25

வீடு சுத்தம் செய்தேன். தொண்டை வலி.

ஜூலை 27

சுத்தம். இன்றோடு முடிந்தது.

ஜூலை 30

மதுரையிலிருந்து புது வெள்ளை வரவழைத்தேன். கொரியரில் வந்தது. வானம் முழுக்கப் புதிது. முந்திய வெளிச்சம் இல்லை. சில்லென்று, பிணவறைச் சுவர் மாதிரி இருக்கிறது. மஞ்சள் கலந்தால் அழுக்காகிறது. மலையும் வயலும் பெண்களும் பழையபடி இருக்கிறார்கள், அவர்கள் மேல் வேறு ஏதோ ஊர் வானம்.

முகை மைனியைத் தேடுகிறாள். வார்த்தையில்லாமல் தேடுகிறாள். வாசலைப் பார்த்து முனகுகிறாள்.

ஆகஸ்ட் 6

அவருக்கு எதைப் பார்த்தாலும் சந்தேகம். ரசம் வைக்கிற ஈயச் சொம்பை டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போனார். அது வெள்ளீயம், வேறு உலோகம் அப்பா, இருக்கட்டும் என்று டாக்டர் சொல்லியும் கேட்காமல் தெருமுனைக் குப்பையில் போட்டுவிட்டு வந்தார். பித்தளைக் குடம் போச்சு, பிளாஸ்டிக் கிலுகிலுப்பை போச்சு. என் கல்யாணக் குங்குமச் சிமிழும் போச்சு. இன்று முழங்கால் போட்டு, அடுக்களைச் சுவரை நகத்தால் சுரண்டி முகர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

அவரைப் பார்க்கச் சகிக்கவில்லை. உள்ளறைக்குப் போய்விட்டேன்.

முகை கொஞ்சம் தேவலை என்று நினைக்கிறேன். நேற்று இரண்டு வாய் சாப்பிட்டாள். தேவலைதான்.

ஆகஸ்ட் 12

ரத்தம் எடுத்தார்கள். கையில் நரம்பு கிடைக்காமல் காலில் குத்தினார்கள். முகை அழவில்லை. அழாததைப் பார்த்து நர்ஸ் எங்கேயோ திரும்பிக்கொண்டாள்.

ஆகஸ்ட் 16

அறுபத்து மூன்று.

குறையவில்லை. ஏறியிருக்கிறது. மைனி போய் இருபத்தாறு நாள் ஆகிறது, அவர் எறிந்த உரைகல் கிணற்றில் கிடக்கிறது, அறுபத்து மூன்று.

டாக்டர் உடனே ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார். இன்னும் ஏறினால் வலிப்பு வரலாம் என்றார். மூளையில் கெட்டது திரும்பச் சரியாகுமா என்று என் வீட்டுக்காரர் கேட்டதற்கு, "முழுசா வரும்னு நான் சொல்லமாட்டேன்," என்றார்.

ஈயத்தைப் பிடித்துச் சிறுநீரில் வெளியேற்றுகிற மாத்திரை சென்னையிலிருந்து வருகிறது. ஆனால் அதைக் கொடுக்கும் முன்னால் அவருக்கு ஒன்று தெரிந்தாக வேண்டுமாம்.

"மருந்து உள்ளே போகும்போது குழந்தை மறுபடி ஈயத்தை முழுங்கினா, மருந்தே அதை உள்ளே இழுத்துக்கும். நன்மைக்குப் பதில் கேடு. உங்க வீட்டுல இன்னும் எங்கேயோ இருக்கு. நீங்க கொண்டுவந்த போர்வையில இருக்கலாம். தாய்ப்பால்லகூட இருக்கலாம். தெரியாம எப்படி ஆரம்பிக்கறது? யோசிங்க ரெண்டு பேரும்."

அவர் யோசித்தார். தலையைப் பிடித்துக்கொண்டு உண்மையாகவே யோசித்தார். நான் முகையின் போர்வையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தொட்டிலில் கிடந்த போர்வை. மடிப்பில் வெள்ளையாகத் தூசு.

ஆகஸ்ட் 17

காலையில் மைனி வந்தாள். சுரண்டையிலிருந்து முதல் பஸ். யாரோ சொல்லியிருக்கிறார்கள். கையில் தூக்குவாளி. வராந்தாவிலேயே அவர் மறித்துவிட்டார்.

"எதுக்கு வந்த? இன்னும் என்னத்த உரைச்சுக் கொண்டாந்திருக்க?"

"கஞ்சிலே. அரிசியும் உப்பும். சந்தேகம்னா மொதல்ல நீ குடி."

அவர் வாளியைப் பிடுங்கிக் கை கழுவுகிற தொட்டியில் கவிழ்த்தார். ஆவி பறந்தது. வரிசையில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாரும் பார்த்தார்கள். மைனி காலி வாளியை வாங்கி, மூடியைத் தேடி, சரியாகத் திருகி மூடினாள். அப்படி மூடியதைப் பார்த்த பிறகுதான் என் வாய் திறந்தது.

"அது எம் பெயிண்ட்டு."

அவருக்குக் கேட்கவில்லை போல. மறுபடி சொன்னேன். "மருந்து இல்லைங்க. எம் பெயிண்ட்டு. வெள்ளை. அது முழுக்க ஈயம்தான்."

அவர் அசையவே இல்லை. மைனிதான் கேட்டாள், "தெனம் தூத்து அள்ளுனனே, அந்த வெள்ளைப் பொருக்கா?"

"ஆமா மைனி."

"ஒனக்கு எப்பம் தெரியும்?"

"எக்ஸ்ரே பாத்த அன்னைக்கு. ஜூலை பதினாறு."

"என்னைய பஸ் ஏத்துனது?"

"இருவத்தொண்ணு."

அவள் விரல் விடவில்லை. ஆனாலும் எண்ணினாள் என்று தெரிந்தது. அடிப்பாள் என்று நினைத்தேன்.

"முந்தியே சொல்லியிருந்தா வெளக்கமாற எடுத்திருக்கமாட்டேன் ஏட்டி. ஈரத்துணி போட்டு ஒத்தி எடுத்திருப்பேன்," என்றாள். "பிள்ளை மூஞ்சிக்கு நேரயில்லா தூத்துருக்கேன்."

உள்ளே போய் முகையைத் தூக்கிக்கொண்டாள். என்னைத் தாண்டிப் போகும்போது சேலை என் மேல் படாமல் ஒதுக்கிக்கொண்டாள்.

டாக்டரிடமும் சொன்னேன். அவர் திட்டவில்லை. போர்வை, பாய், என் சேலைகள், எல்லாவற்றையும் கட்டி வெளியே வைக்கச் சொன்னார். தாய்ப்பாலை நிறுத்தச் சொன்னார். எனக்கும் மைனிக்கும் ரத்தம் எடுத்தார். பிறகு, "மருந்துக்கும் அளவு இருக்கு. எந்தெந்தத் தேதியில, எவ்வளவு நேரம், குழந்தை எங்கே இருந்தது, எல்லாம் எனக்கு வேணும். ஞாபகத்துலேர்ந்து சொல்லாதீங்க. ஞாபகம் நமக்குச் சாதகமா பேசும்," என்றார்.

நான் நாட்குறிப்பு எழுதுவதைச் சொன்னேன்.

"நல்லது. கொண்டாங்க. எனக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. உங்க வீட்டுக்காரர் வாசிக்கட்டும்."

ஆகஸ்ட் 18

அண்ணாச்சி போன் செய்தார். திறப்புக்கு ஆறு நாள்தான் இருக்கிறது, வண்டி அனுப்பவா என்றார். படம் வராது, முடியவில்லை என்றேன்.

"அரைகுறையா இருந்தாலும் பரவால்லம்மா. அந்த ஸ்டைலே அப்பிடித்தான, எவன் கண்டுபிடிக்கப் போறான்?"

அந்தப் படத்தைக் கையால் தொடக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார் என்றேன். போனை வைத்துவிட்டார்.

நாளைக்கு இந்த நோட்டை வீட்டுக்காரர் கையில் கொடுக்க வேண்டும். இரண்டு தடவை முழுக்கப் படித்துவிட்டேன். கிழித்தால் கிழித்தது தெரியும். அடித்து எழுதாமல், இங்கேயே கீழே திருத்துகிறேன்.

ஜூலை 24. வீடு சுத்தம் செய்யவில்லை. வானத்தைத் தேய்த்தேன். பழைய வெள்ளை படத்தில் இருக்கிறவரை யாராவது ஒருநாள் கண்டுபிடிப்பார்கள் என்று பயம். கத்தியால் சுரண்டிவிட்டு உப்புத்தாள் போட்டேன். ஈரம் வைத்துத் தேய்க்க வேண்டும், அப்போதுதான் பறக்காது, அது எனக்குத் தெரியும். ஈரம் பட்டால் அடியில் இருக்கிற மலை கெட்டுப்போகும் என்று காய்ந்தபடியே தேய்த்தேன். ஒன்றரை மணி நேரம். சத்தம் கீழ்வீட்டில் இருப்பவர்களுக்குக் கேட்காதிருக்க ஜன்னலைச் சாத்தினேன். முகை தொட்டிலில்.

ஜூலை 25. அதேதான். இரண்டு மணி நேரம். வாயில் துணி கட்டிக்கொண்டேன். எனக்கு மட்டும்.

ஜூலை 27. தண்ணீர் வருகிற இடம் முழுக்க. ஒரு மணி நேரம். முடிந்ததும் விளக்குமாற்றால் பெருக்கினேன். தொட்டில் துணியை ஜன்னலுக்கு வெளியே உதறிவிட்டு அதையே மறுபடி கட்டினேன்.

ஜூலை 16. "இப்பம் வாற பெயிண்ட்ல கிடையாது" என்பது பொய். அப்படிச் சொன்னதுதான் பொய்.

ஆகஸ்ட் 6. முகை தேவலை என்று எழுதியது. தேவலை இல்லை. அன்று காலை அவள் என்னைப் பார்த்தும் கையைத் தூக்கவில்லை.

ஆகஸ்ட் 19

டாக்டர் அறையில் நான்கு பேர். ஐந்தாவதாக மைனி மடியில் முகை. கதவைச் சாத்தினார்கள்.

வீட்டுக்காரர் நோட்டைத் திறந்தார். பஸ்ஸில் ஊர்ப் பெயர்களைக் கூப்பிட்டுப் பழகின குரல், வாசிக்க ஆரம்பித்ததும் அது தானாக வந்துவிட்டது. தேதியை மட்டும் உரக்கச் சொன்னார். தேதிக்குக் கீழே இருப்பதை மெதுவாக. டாக்டர் தாளில் கட்டம் போட்டு எழுதிக்கொண்டார். மைனியின் உரை மருந்து வருகிற இடத்தில் நிறுத்தினார். அக்காவைப் பார்க்காமலே மேலே வாசித்தார். பஸ் ஏற்றிவிட்ட நாளில் பொட்டுக்கடலை மாவு என்கிற வரி வந்தது. அதை வாசிக்கவில்லை. பக்கத்தைத் திருப்பினார்.

என் திருத்தங்களை வாசித்து முடித்ததும் நோட்டை மடியில் வைத்துக்கொண்டார்.

"இதில் ஒண்ணு பொருந்தலை," என்றார் டாக்டர், தாளைப் பார்த்துக்கொண்டே. "தேய்ச்சது ஜூலை கடைசியில. ரெண்டாவது தடவை ஏறினதுக்கு அது காரணம், சரி. ஆனா ஜூலை அஞ்சுக்கே குழந்தைக்கு வயிறு கட்டி, வாந்தி வந்திருக்கு. தரையில கிடந்த பொருக்கு மட்டும் அவ்வளவு சீக்கிரம் அப்படிச் செய்யாது. மொத்தமா ஏதோ உள்ளே போயிருக்கணும்."

வீட்டுக்காரர் நோட்டைப் பின்னால் திருப்பினார். ஜூன் 29. அடுத்தது ஜூலை 5. நடுவில் ஒன்றும் இல்லை.

"தேதி எதுவும் விட்டுப்போச்சா?" என்று கேட்டார். வராந்தாவில் நான் உண்மையைச் சொன்னதிலிருந்து அவர் என்னிடம் பேசியது அது ஒன்றுதான். கோபம்கூட இல்லாமல், டிக்கெட் எடுக்காதவர் யாராவது உண்டா என்று கேட்கிற மாதிரி.

"ஜூலை ரெண்டு," என்றேன்.

அன்றைக்கு நான் எதுவும் எழுதவில்லை. இப்போது எழுதுகிறேன். அவர்களிடம் சொன்னதையே எழுதுகிறேன்.

மதியம் மூன்று மணி. மைனி ரேஷன் கடைக்குப் போயிருந்தாள். சாரல் நின்று, மூன்று வாரமாக நான் தேடிய வெளிச்சம் ஜன்னலில் வந்திருந்தது. வண்ணத்தட்டைத் தரையில் வைத்துவிட்டு, தள்ளி நின்று பார்ப்பதற்காகக் கூடத்து வாசலுக்குப் போனேன். அங்கிருந்து பார்த்தபோது தண்ணீர் தண்ணீராக இருந்தது. ஒரே ஓர் இடம் மட்டும் பாக்கி. கீழே முகை தட்டுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். கையிலும் வாயிலும் வெள்ளை. தயிர்ச்சோறு தின்கிற மாதிரி விரலை உறிஞ்சிக்கொண்டிருந்தாள். பார்த்தேன். அது என்ன என்று எனக்குத் தெரியும். வெளிச்சம் போய்விடும் என்றும் தெரியும்.

"உடனே வாயைக் கழுவினீங்களா?" என்று டாக்டர் கேட்டார். பேனா தாளின் மேல் நின்றது.

மைனி முகையின் தலையைத் தன் தோளோடு சேர்த்து, காதை மூடினாள்.

"இல்லை," என்றேன். "முதல்ல அந்த இடத்தை முடிச்சேன்."

"எவ்வளவு நேரம்?"

"நாலு நிமிஷம்."

டாக்டர் எழுதிக்கொண்டார். ஜூலை 2, நான்கு நிமிடம். நான்கரைக்கு முதல் மாத்திரை. அதைப் பொடித்துத் தேனில் குழைத்து ஊட்ட வேண்டும். நர்ஸ் கிண்ணத்தை நீட்டியபோது என் கை தானாக எழுந்தது. மைனி வாங்கிக்கொண்டாள்.